மாக்கோழியும் மாதிரிக் காவல் நிலையமும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, ரமணாசிரமத்துக்கு அண்மையிலுள்ள தெருவொன்றில் நம் பழைய வீடு இருக்கிறது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆசிரியப் பணியின் பொருட்டு இவ்வூருக்கு வந்த நாம், தானிய வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கிய வீடு அது. முன்பக்கம் நீண்ட தாழ்வாரம். அதன் கோடியில் நெல் மூட்டைகள் அடுக்குவதற்கென்று கட்டிய, இரும்புக் கம்பிக் கதவு போட்ட ஓர் அறை. அந்தக் கம்பிக் கதவுதான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படக் குழுவினரை நம் வாயிலுக்கு அழைத்து வந்தது. வீட்டின் முன்பகுதியைப் பன்னிரண்டு நாட்களுக்குக் காவல் நிலையமாக மாற்றிக்கொள்ள இசைவு கேட்டனர். பேசிய வாடகை, நம் ஓய்வூதியத்தில் ஐந்து மாதத் தொகைக்கு ஒப்பானது. கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம், இசைந்தோம்.

மெய்யான காவல் நிலையத்திலேயே எடுக்கலாகாதா என்று நாம் கேட்டதற்கு, வந்தவர் பொறுமையாக விடை கூறினார். அன்றாடம் புகார் வாங்கும் நிலையத்தைப் பன்னிரண்டு நாள் அடைத்து வைக்க எந்த அதிகாரியும் ஒப்பமாட்டார். சிறைச்சாலையாயின் அரசின் அனுமதி வேண்டும், கதையைக் காட்ட வேண்டும், காலம் பிடிக்கும். நீதிமன்றத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே பழைய வீடுகளையும் கைவிடப்பட்ட அலுவலகங்களையும் தேடி அலைகிறோம் என்றார். இரண்டே நாட்களில் தாழ்வாரம் உருமாறிற்று. சிவப்பும் நீலமும் தீட்டிய பெயர்ப்பலகை வாயிலில் ஏறியது. மேசை, கோப்புகள், குற்றவாளிகளின் படங்கள் ஒட்டிய பலகை, சுவரில் வேண்டுமென்றே பூசிய எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் வந்து சேர்ந்தன. நெல் அறை கொட்டடியாயிற்று. தெருவில் போவோர் நின்று பார்த்து வியந்தனர். நாமும் வியந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நான்காம் நாள் காலையில் நடந்ததைச் சொல்லவேண்டும். செங்கம் பக்கத்திலிருந்து வந்த பேருந்தினின்றும் இறங்கிய மூதாட்டி ஒருவர், சாலையிலிருந்தே தெரிந்த பெயர்ப்பலகையைக் கண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். ஒரு கையில் மஞ்சள் பை, மற்றொரு கையில் தூக்குச் சட்டி. ஆய்வாளர் உடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நடிகரின் முன் போய் நின்று, செருப்பை வாயிலிலேயே விட்டுவிட்டு, தூக்கை மார்போடு அணைத்தவாறு கும்பிட்டார். முந்திய இரவு அவருடைய மகனை விசாரணைக்கென்று அழைத்துச் சென்றிருக்கிறார்கள். எந்த நிலையத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை சாப்பிட்டானா என்று தெரியவில்லை. கொஞ்சம் சோறு கொண்டு வந்திருக்கிறேன், கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று மன்றாடினார். அந்த இளைஞர் பதறி எழுந்து, "அம்மா, நான் போலீஸ் இல்லீங்க, நடிகன்" என்றார். அம்மூதாட்டியோ, "அப்படிச் சொல்லாதீங்க சாமி" என்று மீண்டும் கும்பிட்டார். தம்மை விரட்டுவதற்காகவே அவர் அவ்வாறு சொல்லுகிறார் என்று எண்ணிவிட்டார் போலும். நம் துணைவியார் வெளியே வந்து, கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்று, மோர் கொடுத்து, அடுப்பங்கரையைக் காட்டி இது வீடுதான் என்று மெய்ப்பித்த பிறகே அவர் நம்பினார். பிறகு ஆட்டோ பிடித்து அவரை உடன் அழைத்துச் சென்று விசாரித்தோம். பிற்பகலில் மகன் ஊர் திரும்பிவிட்டான் என்று மறுநாள் செய்தி வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. நாம் திரும்பி வந்தபோது குழுவினர் ஒரு சிறு திரையைச் சூழ்ந்து நின்றிருந்தனர். ஒத்திகைக்காகக் காமிரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மூதாட்டி உள்ளே நுழைந்தது, கும்பிட்டது, கை நடுங்கியது எல்லாம் பதிவாகியிருந்தன. எந்த நடிகையாலும் இப்படிச் செய்ய இயலாது என்று ஒருவர் மகிழ்ந்தார். அதை அழித்துவிட வேண்டுமென்று நாம் கேட்டோம். இயக்குநர் மரியாதையாகவே "ஆகட்டும் ஐயா" என்றார். அழித்தாரா என்பதை நாம் நின்று பார்க்கவில்லை. படம் வெளிவந்தபின் அதைப் பார்த்த நம் பேரன், ஒரு காட்சியில் தூக்குச் சட்டியைப் பற்றிய கை மட்டும் நொடிப்பொழுது வருகிறது, முகம் இல்லை என்றான். அது அவருடைய கையா, வேறொருவருடைய கையா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

பிற நாட்களில் அடிக்கும் காட்சிகள் எடுத்தார்கள், பெரும்பாலும் இரவில். ஒரே அடியைப் பல கோணங்களில் எடுக்கவேண்டியிருந்ததால் ஒரே அலறல் பதினொரு முறை கேட்டது. ரமணாசிரமத்து மயில்கள் இப்பகுதி மரங்களில் அடைவது வழக்கம். ஒவ்வோர் அலறலுக்கும் அவை மறுகுரல் கொடுத்தன. சூரியன் மறைந்தபின் உண்ணாத நம் அன்னையார் இருளில் கட்டிலில் அமர்ந்தவாறு, "இது நம் வீட்டில் நடக்கலாமா?" என்று கேட்டார். நடிப்புதானே என்றோம். "மாக்கோழியும் மாவுதானே" என்றார் அவர்.

யசோதர காவியத்தின் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். எனினும் இளைய தலைமுறையினரின் பொருட்டுச் சுருங்கச் சொல்வோம். தீக்கனாக் கண்ட யசோதர மன்னனிடம், உயிர்ப்பலி கொடுத்தால் தீங்கு நீங்கும் என்று அவன் தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். உயிர்க்கொலைக்கு மன்னன் உடன்படவில்லை. அப்படியாயின் மாவினால் ஒரு கோழி செய்து அதை வெட்டு என்கிறாள். தாயின் சொல்லைத் தட்ட மாட்டாமல் அவன் இசைகிறான். உயிரில்லாத அந்த மாக்கோழியை வெட்டிய வினையே தாயையும் மகனையும் பற்றித் தொடர்கிறது. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். மாவுக்கு வலியில்லை, வெட்டுண்ட உயிர் எதுவுமில்லை, ஆயினும் வினை உண்டாயிற்று. பிற சமயத்தார் வியக்கும் இடம் இது. நம் முன்னோரோ, இம்சை என்பது கத்தியின் முனையில் தொடங்குவதில்லை, கொல்லத் துணியும் உள்ளத்தில் தொடங்குகிறது என்ற கருத்தைக் குழந்தைக்கும் விளங்கும்படி சொல்ல இக்கதையைத் தேர்ந்தனர்.

அன்னையாரின் சொல்லுக்கு அன்றிரவு நம்மிடம் விடையில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது, உவமை முற்றிலும் பொருந்தவில்லை என்று தோன்றியது. யசோதரன் மாக்கோழியை உயிர்க்கோழிக்கு ஈடாகவே எண்ணி வெட்டினான். அதனால் பலியின் பயன் வரும் என்று நம்பினான். நம் தாழ்வாரத்தில் அடித்த நடிகருக்கு அத்தகைய எண்ணம் இல்லை. காட்சி முடிந்ததும் அடிபட்டவருக்குத் தாமே தேநீர் கொண்டு போய்க் கொடுத்தார். கை சற்றுப் பலமாகப் பட்டுவிட்டதோ என்று கேட்டார். அப்படியாயின் வினைக்குரிய எண்ணம் எங்கே இருக்கிறது? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று நம் ஆகமங்கள் மூன்றாகப் பிரித்துள்ளன. திரைப்படத்தைப் பொறுத்தவரை மூன்றாவதே கவனிக்கத்தக்கது. இருட்டரங்கில் அமர்ந்து, அடி விழும்போது எவன் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் உடன்பாடு தோன்றுகிறது.

இங்கே படங்களைப் பிரித்தறிய வேண்டும். கோவையில் ஆட்டோ ஓட்டுநராக இருந்த மு. சந்திரகுமார், 1980-களின் தொடக்கத்தில் ஆந்திர மாநிலம் குண்டூரில் செய்யாத குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் தாம் பட்ட துன்பங்களை 'லாக்கப்' என்னும் நூலாக எழுதினார். அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, மனித உரிமை நோக்கிலான பரிசொன்றைப் பெற்றது. அதில் அடியின் கொடுமை குறைத்துக் காட்டப்படவில்லை. ஆயினும் பார்ப்பவன் அடிபடுபவனோடு இருக்கிறான்; அடிப்பவனோடு இருக்க அப்படம் அவனுக்கு இடம் தருவதில்லை. இதற்கு மாறாக, விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லும் அதிகாரியை நாயகனாக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் அரங்கம் கைதட்டும்படி அமைந்த படங்கள் நம் மொழியில் எத்தனையோ உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. அவற்றுள் சிலவற்றுக்கு நாமும் சீட்டு வாங்கிச் சென்றிருக்கிறோம். அப்போது கைதட்டினோமா என்று நினைவுபடுத்திப் பார்க்க விருப்பமில்லை.

மெய்யான சிறையில் எடுத்தால் புனிதம், செட்டில் எடுத்தால் பொய் என்றும் சொல்வதற்கில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில் கில்மேனம் என்றொரு பழைய சிறை இருக்கிறது. 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் கிளர்ச்சியின் தலைவர்களுள் 14 பேர் அதன் முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1924-இல் சிறை மூடப்பட்டது. 1969-இல் வெளிவந்த, பொற்கொள்ளையை நகைச்சுவையாகச் சொல்லும் ஆங்கிலப் படமொன்றின் சிறைக்காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. செய்யாத குற்றத்துக்குப் பதினைந்தாண்டு சிறையிருந்து 1989-இல் விடுதலையானவர்களின் கதையைச் சொல்லும் 1993-ஆம் ஆண்டுப் படமும் அதே சிறையில் எடுக்கப்பட்டது. ஒரே சுவர்கள் சிரிப்புக்கும் கண்ணீருக்கும் நின்றன. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1990-இல் மூடப்பட்ட மேன்ஸ்பீல்ட் சிறையில் 1994-இல் வெளிவந்த 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படமாக்கப்பட்டபின், அப்படத்துக்காகவே மக்கள் கட்டணம் செலுத்தி அச்சிறையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அந்தமான் கைதிகளின் வரலாற்றைச் சொல்லும் 'சிறைச்சாலை' என்ற படம் 1996-இல் வந்ததும், அத்தீவுகளுக்கே சென்று அதைப் படமாக்கியதும் பலர் நினைவில் இருக்கும். 1837 முதல் இயங்கிவந்த சென்னை மத்தியச் சிறை 2006-இல் கைதிகளைப் புழலுக்கு அனுப்பிவிட்டு வெறுமையான பிறகு, இடிக்கப்படுமுன் 2009-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பத்தோடு வந்து கம்பிகளுக்குப் பின்னே நின்று பார்த்தவர்கள் ஏராளம். காலியான கொட்டடி கொடியது என்று யார் சொல்வார்? சுவருக்கு வினையில்லை.

ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது? நம் வீட்டு வாயிலில் அம்மூதாட்டி நின்றது போல, தாம் படம் பிடிக்கப்படுவதை அறியாமலோ, அறிந்தும் மறுக்க இயலாமலோ ஒருவர் காமிராவின் முன் நின்றால்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து பிரிட்ஜ்வாட்டர் என்னுமிடத்தில், மனநோயுற்ற குற்றவாளிகளை அடைத்துவைத்த காப்பகத்தில் பிரெடரிக் வைஸ்மன் என்பார் 1960-களில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அங்கிருந்தோர் நடத்தப்பட்ட இழிநிலையை உலகுக்குக் காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் தம் அம்மணத்தையும் அவலத்தையும் காட்டலாம் என்று இசைவு தரும் நிலையில் அந்நோயாளிகள் இல்லை என்ற காரணத்தால், அப்படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட நீதிமன்றம் தடை விதித்தது. 1991-இல்தான் அத்தடை நீங்கியது. தடைக்குப் பின்னே கைதிகளின் மானத்தைவிட அரசின் மானம் பற்றிய கவலையே மிகுந்திருந்தது என்று கூறுவாரும் உண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும் எழுப்பப்பட்ட வினா பொய்யன்று. கட்டுண்டவனிடமிருந்து அவனுடைய உருவத்தைக் கேளாமல் எடுப்பது கொடாததைக் கொள்ளுதல் ஆகாதா? களவு என்பதற்கு நம் நூல்கள் கூறும் இலக்கணமே அதுதானே.

கேட்டுப் பெற்றால் நிலைமை வேறு. உரோமாபுரியின் ரெபிப்பியா சிறையில், உயர்காவல் பகுதியில் இருந்த கைதிகளையே நடிகராக்கி, ஜூலியஸ் சீசர் நாடகத்தை அவர்கள் ஒத்திகை பார்த்து அரங்கேற்றுவதை டாவியானி உடன்பிறந்தார் படமாக எடுத்தனர். 2012-இல் பெர்லின் விழாவின் முதற்பரிசு அதற்குக் கிடைத்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டோர் அதில் உண்டு. கத்தியை ஓங்கும் காட்சியில் அவர்கள் தயங்கும்போது நாம் காண்பது நடிப்பா, நினைவா என்று பிரிக்க இயலவில்லை. நம் நாட்டில் ஆக்ரா மத்தியச் சிறையில், சிறைக்குள்ளிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் ஓர் அரசியல்வாதியைப் பற்றிய இந்திப் படமொன்று எடுக்கப்பட்டது. முடிந்ததும் வந்து காட்டுவோம் என்று சொல்லிச் சென்றவர்கள் 2022-இல் திரும்பி வந்து அக்கைதிகளுக்கு முதலில் திரையிட்டனர். சிறு செயல்தான். ஆயினும் படமெடுத்தவர் எத்தனை பேர் அவ்விடத்துக்கு மீண்டும் வருகின்றனர்? நம் தாழ்வாரத்துக்கு எவரும் வரவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. நம் நாட்டில் நடப்பு வழக்குமன்றத்தில் கதைப்படம் எடுப்பதென்பது அரிது. 1993-இல் கடலூர்ப் பகுதியில் காவலில் இறந்த ஏழைத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்காக, அந்நாளில் வழக்கறிஞராகவும் பின்னாளில் நீதிபதியாகவும் விளங்கிய கே. சந்துரு அவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்து வாதாடினார்கள். அவ்வரலாற்றைத் தழுவி 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்துக்கு, 1892-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வுயர்நீதிமன்றத்தின் கூடங்களைச் செட்டாகவே அமைத்தனர். செட் என்பதால் அதில் கண்ட உண்மை குறைந்துவிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்கு நினைவு வந்தது சிலப்பதிகாரம். பொற்கொல்லன் சொல்லொன்றையே சான்றாகக் கொண்டு பாண்டியன் ஆணையிட, கோவலன் வெட்டுண்டான். விசாரணை அதற்குப் பிறகுதான் நடந்தது. அதையும் அரசன் கூட்டவில்லை. கணவனை இழந்தவள் கூட்டினாள். தமிழில் நாமறிந்த மிகப் பழைய பெருவழக்கு, தண்டனை நிறைவேறிய பின் ஒரு பெண் கையில் சிலம்போடு வாயிலில் வந்து நின்று தொடங்கியது. நம் வாயிலில் வந்தவர் கையில் தூக்குச் சட்டி இருந்தது.

காமிராவைப் பற்றி மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட வணிகர் ஒருவரும் அவர் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தது நாட்டையே உலுக்கியது. அந்நிலையத்தில் கண்காணிப்புக் காமிராக்கள் இருந்தன. ஆனால் பதிவானவை அன்றன்றே தாமாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கொட்டடி, தாழ்வாரம், வாயில் உட்பட எவ்விடமும் விடுபடாமல் ஒலியோடு கூடிய காமிரா பொருத்தி, பதிவுகளைப் பதினெட்டு மாதம் காக்க வேண்டுமென்று ஆணையிட்டது. பொய்யான அடியைப் பதினொரு முறை பதிவு செய்ய நம் வீட்டில் மூன்று காமிராக்கள் இருந்தன. மெய்யான அடி விழுந்த இடத்தில் இருந்த காமிராவோ தினந்தோறும் மறந்துகொண்டிருந்தது.

மெய்யான அடி ஒன்று நம் தெருவுக்கு மிக அண்மையிலும் ஒருகாலத்தில் விழுந்தது. 1924 ஜூன் 26-ஆம் நாள் இரவு, அந்நாளில் கீற்றுக் கொட்டகைகளாக இருந்த ரமணாசிரமத்தில் கள்வர்கள் புகுந்தனர். சன்னலை உடைக்க வேண்டாம், கதவைத் திறந்துவிடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பி, ரமணர் அன்பர்களோடு வெளியேறினார். வெளியே வந்தவர்களைக் கள்வர்கள் தடியால் அடித்தனர். ரமணரின் இடத்தொடையிலும் அடி விழுந்தது. போதாதென்றால் மறு தொடையிலும் அடிக்கலாம் என்றார் அவர். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பாய முற்பட்ட அன்பர் ஒருவரைத் தடுத்து, பல் நாவைக் கடித்துவிட்டால் பல்லையா உடைத்தெறிகிறோம் என்று கேட்டார். கள்வர்க்குக் கிடைத்தது மிக அற்பம். பின்னர் காவல்துறையினர் வந்து கேட்டபோது நடந்ததை உள்ளவாறே சொன்னார். வஞ்சம் தீர்க்கும் சொல் எதுவும் இல்லை. தமக்கும் அன்று நல்ல பூசை கிடைத்தது என்று, நம் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்குள்ள மற்றப் பொருள் தோன்ற நகைத்ததாகவும் கூறுவர். கள்வர் சில நாளில் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றனர். ரமணர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும், வேள்விக்கும் வஞ்சினத்துக்கும் இடந்தராத நம் துறவியரின் வரலாறுகளில் வளர்ந்த நமக்கு அவ்விரவு அயலதாகத் தோன்றுவதில்லை.

அந்த ஆசிரமத்துக்கு 1930-களில் அடிக்கடி வந்துகொண்டிருந்தவர்களுள் மாரிஸ் பிரிட்மன் என்பார் ஒருவர். போலந்து நாட்டு யூதக் குடும்பத்தில் பிறந்த பொறியாளர். பெங்களூர் அரசு மின்பொருள் தொழிற்சாலையை நடத்த வந்தவர். 1935 முதல் 1939 வரை ரமணரோடு நிகழ்ந்த உரையாடல்களின் தொகுப்பில் அவர் பெயர் பலகால் வருகிறது. காவியுடுத்துப் பாரதானந்தர் என்று அழைக்கப்பட்ட அவர், காந்தியடிகளோடும் பழகி, இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்து என்னும் சிறு சமஸ்தானத்தின் தன்னாட்சி முயற்சிகளுக்குத் துணை நின்றார். 1939-இல், அவருடைய தூண்டுதலாலும் அரசரின் இசைவாலும், ஆட்பாடிக்கு அருகில் சுதந்திரபுரம் என்னும் திறந்தவெளிச் சிறைக் குடியிருப்பு தோன்றியது. சுற்றுச்சுவர் இல்லை, விலங்கு இல்லை, கொடுங்குற்றம் செய்தவர்கள் தம் மனைவி மக்களோடு தங்கி நிலத்தை உழுதனர். இன்றும் அது திறந்தவெளிச் சிறையாக இருந்து வருகிறது. 

அம்முயற்சியின் கதையே பின்னர் வி. சாந்தாராம் இயக்கி நடித்து 1957-இல் வெளிவந்த 'தோ ஆங்க்கேன் பாரா ஹாத்' என்னும் இந்திப் படமாயிற்று. ஆறு கொலைக்கைதிகளைச் சுவரில்லாத வெளிக்கு அழைத்துச் சென்று, அன்பையும் உழைப்பையும் கொண்டு திருத்தும் சிறை அதிகாரியின் கதை. 1958-இல் பெர்லின் விழாவில் அது பரிசு பெற்றது. 1975-இல் அதையே தமிழில் 'பல்லாண்டு வாழ்க' என்று எடுத்தனர், அதிகாரியாக எம்.ஜி.ஆர். நடித்தார். படத்துக்குப் படம் அவரிடம் அடிவாங்கிய நம்பியாரும் வீரப்பாவும் மனோகரும் அதில் திருந்தும் கைதிகள். அந்நாளில் அதைப் பார்க்கச் சென்றபோது, அக்கதையின் ஒரு வேர் கிரிவலப் பாதையோரத்து ஆசிரமத்துக்கு வந்துபோன மனிதரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அரங்கில் இருந்தவர்களுக்கும் தெரிந்திராது. ஆனால் கொலையாளி ஒருவன் அழுதபோது கொட்டகை அமைதியாக இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. கள்வனை என்றும் கள்வனாகவே எண்ணுவது நம் மரபன்று. அஞ்சன சோரன் காவலர்க்குத் தப்பி ஓடியவன்தான். ஐயமின்மைக்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் அவனையே காட்டுகின்றன.

இனி நம் கணக்குக்கு வருவோம். இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்தைப் பழுதாக்கும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாக எண்ணுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மேல் சுமையேற்றல், உணவும் நீரும் மறுத்தல். விலங்கு வளர்ப்போரையும் வேலையாள் வைத்திருப்போரையும் கருதிச் சொன்னவை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். ஆயினும் அவ்வைந்தையும் வரிசையாகப் படிக்கும்போது ஒரு கொட்டடியின் விவரம் போல் தோன்றுகிறதல்லவா? முதலில் நிற்பது கட்டிவைத்தல். அதற்காகச் சிறையே கூடாதென்று நம் நூல்கள் கூறவில்லை. தற்காப்பின் பொருட்டு நேரும் இம்சையை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது என்று அவை ஒப்புக்கொள்கின்றன. நாடு காப்போர்க்கும் அது பொருந்தும். ஆனால் பயனின்றிச் செய்யும் தீங்குகள் என்று தனியே ஐந்தை விலக்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று இம்சைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். வாள், கோடரி முதலியவற்றோடு சங்கிலியையும் சேர்த்தே இரத்தினகரண்டக சிராவகாசாரம் சொல்கிறது. மற்றொன்று, உள்ளத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்டல். சங்கிலியை வாடகைக்கு விடலாகாது என்றால் சங்கிலி மாட்டிய அறையை வாடகைக்கு விடலாமா? மெய்ச்சங்கிலி அன்று, அட்டைச் சங்கிலிதான் என்று நம் மகன் சொல்கிறான். படம் நல்ல படமாயிருந்தால் கேட்போர் உள்ளம் கலங்குவதே நன்மை என்றும் சொல்கிறான். அதில் உண்மை இருக்கிறது. நாம் கதையைக் கேட்டறியாமலே சாவியைக் கொடுத்தோம் என்பதும் உண்மை.

அடித்த காட்சிகளைப் பற்றி இன்று நமக்குப் பெருங்கலக்கம் இல்லை. அடித்தவரும் அடிபட்டவரும் அறிந்து செய்தனர். மாக்கோழி அங்கே முழுதும் பொருந்தவில்லை என்றே கருதுகிறோம். உறுத்துவது அந்த மூதாட்டி. அவர் ஒருவர்தான் அன்று அங்கே நடிக்காதவர். நம் வாயிலில் நாம் மாட்ட விட்ட பலகையை நம்பி வந்தார். நம் கூரையின் கீழ் அவருடைய அச்சம் அவரைக் கேளாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குரிய வாடகை நம் கையில் வந்தது. அத்தொகையில் கூரைக்கு ஓடு மாற்றினோம். மீந்ததை எடுத்துக்கொண்டு நம் துணைவியாரும் நாமும் அவர் ஊருக்குச் சென்றோம். நடந்ததைச் சொன்னோம். காமிரா என்றதும் அவருக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பையன் அன்றைக்குச் சாப்பிடாமலே வந்தான் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பணத்தை வாங்கிக்கொள்ள மறுத்து, வேர்க்கடலை ஒரு படி கொடுத்தனுப்பினார்.

இவ்வாண்டு வேறொரு குழுவினர் வந்து, அதே தாழ்வாரத்தைக் கிளைச்சிறையாக்கக் கேட்டிருக்கிறார்கள். முழுக்கதையையும் எழுத்தில் தரவேண்டும், பெயர்ப்பலகை காட்சி எடுக்கும் நேரத்தில் மட்டுமே தொங்கவேண்டும், நடிகர் அல்லாத எவர் முகமும் கேளாமல் பதிவாகக் கூடாது, பதிவானால் நம் முன்னிலையில் அழிக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தோம். நான்காவதற்கு அவர்கள் இன்னும் உடன்படவில்லை. ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளில் நம்மவரின் பழைய வீடுகளையும் இவ்வாறு கேட்டு வருவதாக அறிகிறோம். கொடுத்தவர்களும் மறுத்தவர்களும் தாம் என்ன சொன்னோம் என்பதை இவ்விதழுக்கு எழுதியனுப்பினால், அடுத்த இதழ் வருமுன் நாமும் அவர்களுக்கு விடை சொல்ல உதவியாயிருக்கும்.